காரணம் என்ற கட்டம்

மலையேற எழுபது வளைவு இருக்கிறது, அவசரப்படாதே செங்கோடா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆறு பள்ளிக்கூடத்துக்காக முகாமைச் சோதிக்க வருகிற தாட்சாயணி மேடம் இப்போதுதான் போன் பண்ணினார், அடிவாரத்துக் காரவள்ளியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாராம், குடித்ததும் மலை ஏறிவிடுவாராம், "சம்பவப் பதிவேட்டை மட்டும் எடுத்து வைங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மற்றதெல்லாம் என்றால் என்ன, நான் ஆறு வருஷமாகக் கல்லும் மண்ணும் சுமந்து கட்டின முகாம், பிள்ளைகள் படுக்கிற கொட்டகை, வெந்நீர்க் குழாய், பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, பாறை ஏற்றம், கயிற்றுப் பாலம், அதெல்லாம் அப்புறம். முதலில் இந்த நோட்டு. அந்த நோட்டு என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. பக்கம் நாற்பத்தொன்று. தேதி எழுதியாயிற்று, நேற்றைய தேதி. நேரம் ஒன்றேகால். இடம், பெரிய பாறை. என்ன நடந்தது என்ற கட்டத்தில் குணவதியம்மாவின் குண்டு குண்டு எழுத்து: மாணவி ஹர்ஷிதா, வயது பதின்மூன்று, சுமார் இருபத்தைந்து அடி உயரத்தில் இருந்தபோது இடுப்புப் பெல்ட் உருவி அக்குள் வரை ஏறிவிட்டது. காயம் என்ற கட்டத்தில்: இடது அக்குளில் சிராய்ப்பு. அடுத்த கட்டம் காரணம். அதில் ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருக்கிறது. அதற்குக் கீழே, பாறையடியில் கயிறு பிடிக்கிற பொன்னுரங்கத்தின் கையெழுத்து இருக்கிறது, குணவதியம்மாவின் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. எங்கள் முகாமில் காரணத்தை எழுதுவது முதலாளி, அதாவது நான். அப்படி வைத்ததும் நான்தான். எழுத்து என் கையில் இருந்தால் எதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு ரொம்ப சாமர்த்தியமாக வைத்தேன்.

எதிரே குணவதியம்மா முதலுதவிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கட்டுத்துணிச் சுருளை எண்ணுகிறது. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள். இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா, எதையும் எண்ணாமல் விடாது. நேற்று மட்டும் அந்த அம்மா பாறையடியில் இருந்திருந்தால் இந்தப் பக்கமே இருந்திருக்காது. வளைவு சுற்றி வந்ததில் ஒரு பையன் விடாமல் வாந்தி, அவனைக் கவனிக்க அது கொட்டகைக்குப் போய்விட்டது, நான் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். என்ன பெரிய வேலை அது? பிள்ளைகள் தாங்களே பெல்ட் மாட்டிக்கொள்ளும், பட்டையைக் கொக்கிக்குள் விட்டு மறுபடி திருப்பிக் கோத்துவிட வேண்டும், திருப்பிக் கோக்காவிட்டால் கட்டினது மாதிரிதான் தெரியும், பாரம் விழுந்தால் உருவிக்கொள்ளும். அதனால் இரண்டாவது ஆள் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, பட்டையை இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் தலைக்கவசத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இல்லாத தலையைப் பொன்னுரங்கம் பாறையில் ஏற்ற மாட்டான். குணவதியம்மா ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் எடுக்கும், சில நேரம் ஒன்றரை, எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பசி பசி என்கிறார்கள், சாப்பாட்டுக் கொட்டகையில் சாம்பார் ஆறுகிறது, சமையற்கார அம்மா இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டது. பன்னிரண்டு தலைக்கவசமும் பெஞ்சுமேல் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. நான் குனிந்து ஒரே ஓட்டத்தில் பன்னிரண்டிலும் கோடு போட்டுவிட்டேன். சர், சர், சர். பிள்ளைகள் தலையில் ஏறுவதற்கு முன்னாலேயே. செம்மேட்டுச் சந்தையில் ஏலம் முடிந்த பலாப்பழத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே நடப்பேன் பாருங்கள், முன்னூறு பழத்தைக் கால்மணியில் முடித்துவிட்டு நிமிர்வேன், அதே கை, அதே வேகம். பழம் பாறையில் ஏறாது. அது மண்டையில் ஏறவில்லை எனக்கு.

இதை எழுத முடியுமா? எழுதினால் மேடம் படிப்பார். படித்தால் அவர்களுடைய ஆறு பள்ளிக்கூடமும் போயிற்று, மூன்று வருஷத்துக்கு என்று பேசினது போயிற்று, பேச்சு மற்ற பள்ளிக்கூடங்களுக்கும் பரவும், சுமை தூக்கினவனுக்கு எதுக்குடா பிள்ளைங்க விளையாட்டு என்று கீழே சிரிப்பார்கள், முதலாளியே பார்க்காமல் கோடு போட்டானாம் என்பார்கள். சிரிக்கட்டும், சிரிப்பை நான் பார்க்காததா. ஆனால் எழுதாமலும் விட முடியாது, கட்டம் வெள்ளையாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார். அப்படியானால் வேறு எதையாவது எழுத வேண்டும். பெல்ட் பழசு. பழசா? எட்டு மாதம்தான் ஆகிறது, வாங்கின தேதி பெல்ட்டிலேயே தைத்திருக்கிறது, குணவதியம்மா அந்த எண்ணையும் மேலே எழுதி வைத்திருக்கிறது, மகராசி. மாணவி கவனக்குறைவு. பதின்மூன்று வயசுப் பிள்ளையின் கவனக்குறைவு, நல்லா இருக்கிறது எழுத்து, அதை நம்பித்தானே நான் முகாம் நடத்துகிறேன். அப்புறம் மிச்சம் ஒரே ஆள்தான். கீழே கயிறு பிடித்திருந்தவர் ஏற்றுவதற்கு முன் சரிபார்க்கவில்லை. ஆறே வார்த்தை. கட்டத்தில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். நேற்று சாயங்காலம் முதல் இந்த வரி என் நாக்கு நுனியில் நிற்கிறது, பேனா நுனிக்கு இறங்க மாட்டேன் என்கிறது.

பொன்னுரங்கம் கத்தவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. அந்தப் பிள்ளை மேலே இருந்து "அங்கிள், பெல்ட்டு மேல வருது" என்று சாதாரணமாகத்தான் சொன்னது, ஏதோ சட்டை நழுவுகிற மாதிரி, அடுத்த நொடி இரண்டு கையையும் தூக்கிக் கயிற்றைப் பிடித்தது, பெல்ட் நெஞ்சைத் தாண்டி அக்குளில் போய் நின்றது. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் முழுசாக உருவியிருக்கும். நான் கீழே நின்றேன். என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, சந்தையில் நூறு பேருக்கு மேலே கேட்கிற தொண்டை. பொன்னுரங்கம் கயிற்றைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, செருப்பை உதறிவிட்டு, தனக்கு ஒரு கயிறும் இல்லாமல் வெறும் பாறையில் ஏறினான், நாற்பத்தாறு வயசு மனிதன், பல்லி மாதிரி. பிள்ளையைத் தோளில் தாங்கி, "கண்ணு, அசையாத, மாமன் காலு மேல உன் காலை வையி" என்று பேசிக்கொண்டே, பெல்ட்டைக் கீழே இறக்கி, கோத்து, இறுக்கி, ஒவ்வோர் அடியாக இறக்கிக்கொண்டு வந்தான். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். செய்து காட்டுகிற வித்தை என்று நினைத்துக்கொண்டார்கள். கூட வந்த டீச்சர் இன்னொரு பாதிப் பிள்ளைகளோடு சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்தார், ஒன்றும் தெரியாது. கைதட்டல் ஓய்வதற்குள் எனக்குக் குரல் வந்துவிட்டது. வந்த குரல் என்ன சொல்லியது? "கண்ணை எங்கடா வச்சிருந்த? பையைத் தூக்கிட்டுக் கிளம்பு, நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராத." அவன் பிள்ளையின் தலைக்கவசத்தைக் கையில் வாங்கினான், அதில் இருந்த கோட்டைப் பார்த்தான், பெஞ்சில் கிடந்த சாக்பீஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிங்க மொதலாளி" என்றான். சாயங்காலம் குணவதியம்மா நோட்டை நீட்டினபோது காரணம் காலியாக இருந்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அந்தக் கையெழுத்துக்கு மேலே நான் எதை எழுதினாலும் அது அவன் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், அது தெரிந்தும் போட்டான். நம்பிப் போட்டானா, வெறுத்துப் போட்டானா? வெறுத்துப் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"சார், டீ ஆறுது" என்றது குணவதியம்மா.

"ஆறட்டும். நீங்க ஏன் இப்படி நீட்டி முழக்கி எழுதி வச்சிருக்கீங்க? உருவி அக்குள் வரைக்கும்னு எல்லாம் எழுதணுமா? லேசான தளர்வுன்னு எழுதினா ஆகாதா?"

"லேசாத் தளந்திருந்தா லேசுன்னு எழுதியிருப்பேன்."

"புள்ளைக்கு ஒன்னும் ஆகலையே அம்மா. ஒன்னும் ஆகாததுக்கு எதுக்கு ஒரு பக்கம்?"

"ஒன்னும் ஆகாதப்பதான் எழுதணும் சார். ஆனதுக்கப்புறம் போலீஸே வந்து எழுதிக்கும்."

இந்த அம்மாவிடம் விலை பேச முடியாது. எனக்குத் தெரிந்த வழி எல்லாம் பேரம்தான், பள்ளிக்கூடம் என்னை நாலாவதோடு துரத்திவிட்டது, மிச்சத்தை லாரியும் சந்தையும் சொல்லிக் கொடுத்தன, எதிராளி எதற்குப் பயப்படுகிறான் என்று பார், அதை லேசாகத் தொடு, தொட்டுவிட்டுச் சிரி. இந்த அம்மா எதற்குப் பயப்படுகிறது என்று மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், தெரியவில்லை. நோட்டு வாங்கின அன்றைக்கே உட்கார்ந்து ஒன்று முதல் இருநூறு வரை எல்லாப் பக்கத்திலும் கையால் எண் போட்டு வைத்தது. எதுக்கம்மா இந்த வெட்டி வேலை என்று கேட்டேன். "பக்கம் காணாமப் போனா தெரியணும்ல" என்றது. அப்போது சிரித்தேன். இப்போது நாற்பத்தொன்றைக் கிழித்தால் நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்துமூன்று வந்து பல்லைக் காட்டும். முந்தின நாற்பது பக்கத்திலும் ஒன்றும் பெரிதாக இல்லை, தேனீ கொட்டியது, முட்டி தேய்ந்தது, பையன் கண்ணாடி உடைந்தது. தப்பிய விபத்து என்று ஒரு பத்தி இருக்கிறது, மூன்று வருஷமாக அதில் இல்லை, இல்லை, இல்லை. அதைக் காட்டித்தான் மேடத்திடம் மார்தட்டினேன், பாருங்க மேடம், சுத்தம் என்று. அவர் ஒரு மாதிரி பார்த்தார். "மூணு வருஷத்துல ஒன்னு கூடவா இல்ல?" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். பாராட்டினாரா?

போன் அடித்தது. எடுத்தேன். காற்றுச் சத்தம், ஹாரன் சத்தம், அதற்கு நடுவே மேடத்தின் குரல், "முப்பத்தெட்டாவது வளைவுங்க, மூடுபனியா இருக்கு, மெதுவா..." அத்தோடு அறுந்துவிட்டது. முப்பத்தெட்டு. மிச்சம் முப்பத்திரண்டு, அதற்கப்புறம் செம்மேடு வரை ரோடு, அங்கிருந்து நம் மண்பாதை. குணவதியம்மா என்னைப் பார்க்கவே இல்லை, பஞ்சை எண்ணுகிறது. வெளியே பெரிய பாறையைப் பனி விழுங்கிவிட்டது, இருபத்தைந்து அடி எங்கே என்று தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது, ராத்திரி முழுக்க எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும்? லாரியிலிருந்து பழம் விழுந்து கேட்டிருக்கிறேன், மூட்டை விழுந்து கேட்டிருக்கிறேன். பிள்ளை விழுந்தால்... ச்சீ, நிறுத்து. அது விழவில்லை. விழவில்லை, சாயங்காலம் இரண்டு தட்டுச் சாப்பிட்டது, காலையில் உப்புமாவை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரையை மட்டும் தின்றது, ஏழு மணி பஸ்ஸில் கையாட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் போவதற்கு முன்னால் என்னிடம் வந்தது. அதை நினைக்கக் கூடாது என்று நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றிப் போகிறேன், காலில் முள் குத்தின இடத்தை ஊன்றாமல் நடக்கிற மாதிரி.

நேற்று சாயங்காலம்தான் அது. கை கழுவுகிற இடத்தில் நான் நின்றிருந்தேன், அக்குளில் மருந்து போட்டுக்கொண்டு, கையை அகட்டி வைத்துக்கொண்டு வந்தது. "அங்கிள், இத நான் வீட்டுல சொல்லட்டுமா?" என்று கேட்டது. என்னிடம் அனுமதி கேட்டது. குற்றம் சொல்லவில்லை, பயமுறுத்தவில்லை, தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி முகம். பெல்ட்டைத் தானே சரியாக மாட்டவில்லை என்று நினைத்திருக்கிறது, பாவம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லும்மா, தப்பு உன்னுது இல்ல, அங்கிளுது. இவ்வளவுதானே. இதைச் சொல்ல என்ன நேரம் ஆகும்? ஆனால் என் வாய் பழகின வழியில் போயிற்று. எதிராளி எதற்குப் பயப்படுகிறது என்று பார்த்தது. பார்த்துவிட்டது. "சொன்னா அம்மா அடுத்த தடவை அனுப்ப மாட்டாங்களே கண்ணு" என்றேன். லேசாகத் தொட்டேன். தொட்டுவிட்டுச் சிரித்தேன். முகாம் பேர் போட்ட தொப்பி ஒன்றை எடுத்து நீட்டினேன், "தைரியசாலிக்கு இது." அது தொப்பியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "தம்பிக்கும் ஒன்னு குடுங்க, அப்ப சொல்ல மாட்டேன்" என்றது. கெட்டிக்காரி. கொடுத்தேன். பேரம் படிந்துவிட்டது. என் வாழ்க்கையில் இத்தனை சீக்கிரம் எந்தப் பேரமும் படிந்ததில்லை. உயிருக்கு இரண்டு தொப்பி. இப்போது அது வீட்டில் கையை அகட்டி வைத்துக்கொண்டு நிற்கும், என்னடி ஆச்சு என்று அம்மா கேட்பாள், ஒன்னும் இல்லம்மா என்று சொல்லும், முதல் பொய்யாகக்கூட இருக்கலாம், அதைச் சொல்லிக் கொடுத்தது வெளிப்புறக் கல்வி முகாம், கொல்லிமலை. எங்கள் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, கல்வி என்று.

"பொன்னுரங்கம் வந்தானா?" என்றேன்.

"நீங்கதான் வராதன்னுட்டீங்களே."

"சொன்னா உடனே நின்னுருவானா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், போடா வாடான்னு, அடுத்த நாள் காலையில கயிறைச் சுருட்டிக்கிட்டு நிப்பான்."

"அதெல்லாம் நீங்க கோவத்துல சொன்னது சார். நேத்து நீங்க பயத்துல சொன்னது. அவருக்கு வித்தியாசம் தெரியும்."

சுள்ளென்று ஏறியது எனக்கு. மேசையைத் தட்டினேன், டீ தளும்பியது. "யாருக்குப் பயம்? எனக்கா? பதினஞ்சு வயசுல லாரி மேல படுத்துத் தூங்கினவன்மா நான். இந்த மலையில எவன்கிட்டயாவது போய்க் கேளுங்க." குணவதியம்மா தளும்பின டீ நோட்டில் படாமல் நோட்டை இரண்டு விரலால் நகர்த்தி வைத்தது, மேசையைப் பஞ்சால் துடைத்தது, துடைத்த பஞ்சைக் கணக்கிலிருந்து ஒன்று குறைத்துக்கொண்டது. அவ்வளவுதான். அது நகர்த்தி வைத்த நோட்டை நான் பார்த்தேன். பொன்னுரங்கத்தின் கையெழுத்து. பொ பெரிசாக இருக்கிறது, போகப் போக இடம் போதாமல் ம் கட்டத்துக்கு வெளியே விழுந்திருக்கிறது. அந்த ஆறு வார்த்தையை இப்போது எழுதிவிட்டால் நாளைக்கு இந்த மலையில் ஒரு முகாமும் அவன் கையில் கயிறு கொடுக்காது. கவனமில்லாதவன் என்று ஆகிவிடும். தன் இடுப்பில் ஒரு முழக் கயிறு இல்லாமல் ஏறினவன். நான் எழுதப் போகிறேனா? எழுதிவிட்டு மேடத்துக்குப் பாறையைச் சுற்றிக் காட்டுவேனா, இங்கதாங்க மேடம், அந்த ஆளை உடனே நிறுத்திட்டேன், நம்மகிட்ட கண்டிப்பு ஜாஸ்தி? சொல்வேன். வாய் கூசாமல் சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும். சொல்லி முடித்துச் சாப்பிடவும் உட்காருவேன். அப்புறம் அடுத்த பஸ் வரும், பன்னிரண்டு தலைக்கவசம் பெஞ்சில் கவிழ்ந்து கிடக்கும், சாம்பார் ஆறும், குணவதியம்மா எங்காவது ஒரு பிள்ளையோடு போயிருக்கும், சாக்பீஸ் என் கையில் இருக்கும், தப்பு நம்முடையது இல்லை என்று எழுதியே வைத்தாயிற்றே. என் கை மறுபடி ஓடும். சர், சர், சர். ஓடும். சத்தியமாக ஓடும். பாறையில் பொன்னுரங்கம் இருக்க மாட்டான்.

ஹாரன் கேட்டது. தூரத்தில், மண்பாதைத் திருப்பத்தில், பனிக்குள். அதற்குள்ளாகவா? வளைவை எண்ண மறந்துவிட்டேன். பேனா மூடி எங்கேயோ உருண்டது. இது யோசித்து எழுதின எழுத்து இல்லை, அவசரத்தில் கோணல் மாணலாக விழுந்தது: பெல்ட்டைச் சோதிக்காமல் தலைக்கவசத்தில் கோடு போட்டவர் முகாம் உரிமையாளர் செங்கோடன். பொன்னுரங்கம் பிள்ளையைக் காப்பாற்றினார். பிள்ளையிடம் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னேன், அதுவும் தப்பு. கடைசி வரி கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் ஏறி நின்றது. குணவதியம்மா எழுந்து வந்து தலைகீழாகவே படித்தது. தொப்பிக் கதை அதற்குத் தெரியாது, அந்த வரியை மறுபடி ஒரு தரம் படித்தது.

"இனி செய்ய வேண்டியதுன்னு ஒரு கட்டம் இருக்கு சார்."

"எழுதுங்க. செங்கோடன் இனிமே சாக்பீஸைத் தொடக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"நாளெல்லாம் போட வேண்டாம்."

எழுதியது. கார் வாசலில் நின்றது, கதவைச் சாத்துகிற ஓசை, படியில் செருப்புச் சத்தம். தாட்சாயணி மேடம் உள்ளே வந்தார், குட்டையான அம்மா, வளைவு சுற்றினதில் முகம் வெளுத்திருந்தது. வணக்கம் சொன்னார், தண்ணீர் கூட வேண்டாம் என்றார், நின்றபடியே நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். தேதி. நேரம். என்ன நடந்தது என்பதில் விரல் நின்றது, மூச்சு ஒரு தரம் உள்ளே போயிற்று, மறுபடி நகர்ந்தது. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுத்து விரலோடு இழுபட்டு நீலமாகத் தீற்றியது. விரலைத் திருப்பிப் பார்த்தார். மை. என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் எழுதினீங்களா?"

"ஆமாங்க."

"நேத்து ஒன்னேகாலுக்கு நடந்திருக்கு. இப்ப மணி பதினொன்னரை. இவ்வளவு நேரம் எதுக்கு?"

முப்பது வருஷமாக எதிராளி கேட்டு முடிப்பதற்குள் என்னிடம் பதில் தயாராக இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று. இன்றைக்கு நோட்டையே பார்த்தேன். குணவதியம்மா பெட்டியை மூடிவிட்டு அப்படியே நின்றது. மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், நீல விரலை மடக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு, எனக்காகக் காத்திருந்தார்.

"பயமா இருந்துச்சுங்க" என்றேன்.